இரண்டு குழாயிலும் ‘சி’

டெக்ஸஸ் மாநிலம், சான் அன்டோனியோ நகரின் மேற்குப் பகுதி. டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை. கிறிஸ்துமஸுக்குத் தமால் செய்கிற நாளில் இந்தப் பக்கத்து மெக்சிகோ வம்சாவளி வீடுகளின் சமையலறையில் கால் வைக்க இடமிருக்காது. மேசையின் ஒரு பாதியில் பிசைந்த மக்காச்சோள மாவு, ஊறவைத்த சோளக்கதிர்த் தோல், பன்றி இறைச்சி மசாலா. மறு பாதியில் புத்தம் புதிய அட்டைக்கட்டு: இருமொழி எதிர்ச்சொற்கள், வயது மூன்று முதல் ஆறு வரை.

அட்டைக்கு உரியவள் மகள். முப்பத்தெட்டு வயது, அலுவலகத்தில் திட்ட மேலாளர். மாவுக்கு உரியவள் அம்மா, எழுபத்திரண்டு. மகளை அவள் ‘மிஹா’ என்பாள், கோபத்திலும் அதே சொல்தான். பாட்டியை ‘அபுவேலா’ என்று கூப்பிடுகிற நாலு வயதுப் பேத்தியைப் பற்றித்தான் பேச்சு முழுவதும். அவளை யாரும் கருத்துக் கேட்கவில்லை.

மகள்: அம்மா, மாவுக் கையோட அட்டையைத் தொடாதே. கறை பிடிச்சா போகாது.

அம்மா: அப்ப இதைக் குழந்தை கையில எதுக்குக் குடுக்கறே?

மகள்: இந்தப் பக்கம் பிக், ஸ்மால். திருப்பினா கிராண்டே, பெகேன்யோ. காலையில ஆங்கிலம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஸ்பானிஷ். ஃப்ரிட்ஜ்ல அட்டவணை ஒட்டியாச்சு.

அம்மா: அஞ்சரை மணிக்குக் கையைச் சுட்டுக்கிட்டா எந்த மொழியில அழணும், மிஹா?

மகள்: கிண்டல் பண்ணாதே. இதெல்லாம் நூறு வருஷத்து முறை. பிரான்ஸ்ல ழூல் ரோன்ழான்னு ஒருத்தர். அவர் மகன் லூயிகிட்ட பிரெஞ்சு மட்டும், மனைவி ஜெர்மன் மட்டும். 1913ல புத்தகமே போட்டார். ஒரு ஆளுக்கு ஒரு மொழி. நம்ம வீட்டுல என் வீட்டுக்காரர் ஆங்கிலம், நான் ஸ்பானிஷ்.

அம்மா: உன் ஸ்பானிஷா? போன வாரம் இறைச்சிக் கடையில நீ ஸ்பானிஷ்ல கேட்டே, அந்த ஆள் பாவப்பட்டு ஆங்கிலத்துல பதில் சொன்னான்.

மகள்: அதுக்குத்தான் தினமும் செயலியில படிக்கிறேன்.

அம்மா: படி. அதுக்குள்ள உன் பொண்ணு காலையில இருந்து என்ன கத்துக்கிட்டான்னு கேளு. தோல் காய்ஞ்சிருந்தது, ஊறப் போட்டோம், நனைஞ்சுது. மாவைத் தடிமனா அப்பினா, நான் வழிச்சு மெல்லிசாக்கினேன். வழவழப்பான பக்கம் உள்ளே, சொரசொரப்பு வெளியே. ஒரு தடவை தப்பா மடிச்சா, திரும்பப் பிரிக்க வச்சேன். இப்ப பானைக்கு அவதான் காவல்.

மகள்: அடுப்புக்கிட்டயா?

அம்மா: தள்ளி உக்காந்து காதால காவல். பானை அடியில ஒரு காசு போட்டிருக்கேன். தண்ணி இருக்கிற வரைக்கும் கொதியில கடகடன்னு ஆடும். சத்தம் நின்னா வத்திப்போச்சுன்னு அர்த்தம். உடனே ‘காசு பேசலை அபுவேலா’ன்னு கத்துவா.

மகள்: இது எந்த அட்டையில வரும்?

அம்மா: அடி பிடிச்ச தமால்ல வரும்.

மகள்: சரி, ஒண்ணு சொல்றேன், நீயே தீர்ப்புச் சொல்லு. நேத்து சூடான காப்பிக் கோப்பை அட்டையைக் காட்டி, எந்த எழுத்துல ஆரம்பிக்கும்னு கேட்டேன். ‘சி’ங்கறா. பனிக்கட்டி அட்டைக்கும் ‘சி’ங்கறா. ரெண்டு மொழி சேர்ந்து குழப்பிடுச்சு.

அம்மா: சரியாத்தானே சொல்லியிருக்கா.

மகள்: எப்படி?

அம்மா: என் குளியலறையில நீ முகம் கழுவினதே இல்லையா? உங்கப்பா, அவர் ஆன்மா சாந்தியடையட்டும், எல்லை தாண்டி நுவேவோ லரேடோல மலிவா கிடைச்சுதுன்னு ஒரு ஜோடிக் குழாய் வாங்கிட்டு வந்தார். அந்தப் பக்கம் ‘சி’ன்னா கலியெந்தே, சுடுதண்ணி. ‘எஃப்’னா ஃப்ரியா, பச்சைத் தண்ணி. ஒரே வருஷத்துல ‘எஃப்’ உடைஞ்சுது. அதுக்குப் பதிலா இங்கேயே இரும்புக் கடையில ஒண்ணு வாங்கி மாட்டினார். இந்தப் பக்கம் ‘சி’ன்னா கோல்ட். ஆக ரெண்டு குழாயிலும் ‘சி’. இடது ‘சி’ தோலை உரிக்கும், வலது ‘சி’ விரலை விறைக்க வைக்கும்.

மகள்: இத்தனை வருஷமா மாத்தாம வச்சிருக்கியா?

அம்மா: எதுக்கு மாத்தணும்? உன் புருஷனைத் தவிர யாரும் சுட்டுக்கிட்டதில்லை. குழந்தை ரெண்டு வயசுலேயே ஒரு சொட்டைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் கையை நீட்டுவா. அவர் இஞ்சினியர், எழுத்தை நம்பினார்.

(மருமகன் இந்த நேரத்தில் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார் என்பதைப் பதிவு செய்துவிட்டு, எழுதுகிறவன் ஒதுங்கிக்கொள்கிறேன்.)

மகள்: யானை விஷயத்துக்கு என்ன சொல்றே? விளையாட்டுப் பள்ளியில யானைப் படத்தைக் காட்டி ‘ஃப்ளாக்கோ’ன்னு சொல்லியிருக்கா. ஒல்லியாம்! என்னைக் கூப்பிட்டுப் பேசினாங்க.

அம்மா: இருநூத்தெண்பது பவுண்டு இருக்கிற உன் மாமாவை ஊரே தீயோ ஃப்ளாக்கோன்னுதான் கூப்பிடுது. குழந்தை என்ன செய்யும்? உன் கட்டுல குண்டு, ஒல்லி அட்டை இருந்தா எடுத்துக் காட்டித் திருத்து.

மகள்: அந்த ஜோடி இல்லை. குழந்தைங்க அடுத்தவங்க உடம்பைப் பத்திப் பேசக் கூடாதுன்னு எடுத்துட்டாங்க.

அம்மா: மாமாவை எடுக்க முடியாதே.

மகள்: எதிர்ச்சொல் லேசுப்பட்ட விஷயம் இல்லம்மா. மார்கரெட் டொனால்ட்சன்னு ஸ்காட்லாந்து உளவியலாளர். அட்டையில ரெண்டு மரம் செஞ்சு ஆப்பிள் மாட்டி, மூணு நாலு வயசுக் குழந்தைங்ககிட்ட எதுல குறைவுன்னு கேட்டாங்க. நிறைய பேர் அதிகமா இருக்கிற மரத்தைத்தான் காட்டினாங்க. 1968ல கட்டுரை வந்துச்சு.

அம்மா: ரெண்டு தட்டுல தமால் வச்சு உன் பொண்ணைக் கேளு. நீ என்ன கேட்டாலும் நிறைஞ்ச தட்டைத்தான் காட்டுவா. புரியாமலா காட்டறா?

மகள்: பின்னால வந்த ஆராய்ச்சியிலயும் அப்படித்தான் சொன்னாங்க. குழந்தைங்க கை இயல்பாவே அதிகமா இருக்கிற பக்கம்தான் போகுமாம்.

அம்மா: பின்னால வந்தவங்களுக்குப் பேரப்பிள்ளைங்க இருந்திருக்கும்.

மகள்: இவ்வளவு தெரிஞ்சவ எனக்கு ஏன் சொல்லித் தரல? அன்னிக்கே ஸ்பானிஷ் பேசி வளர்த்திருந்தா இன்னிக்கு நான் அட்டைக்குக் காசு அழுவேனா?

அம்மா: (கரண்டியைக் கீழே வைத்து) நான் முதல் வகுப்புல சேர்ந்தது 1959ல. ஆங்கிலம் தவிர வேற மொழியில பாடம் நடத்தினா வாத்தியார் மேலேயே குற்றம்னு இந்த மாநிலத்துல 1918லிருந்து சட்டம். அது பாடத்தோட நிக்கல. மைதானத்துல வாயைத் திறந்தாலும் தண்டனை. எங்க பள்ளியில ஒரு ஸ்பானிஷ் சொல்லுக்கு ஒரு சென்ட். காசில்லையா, கரும்பலகையில வட்டம் போட்டு அதுக்குள்ள மூக்கை வச்சு நிக்கணும். எனக்கு உயரம் பத்தாது, குதிகாலைத் தூக்கித்தான் நிக்கணும். மேலே, கீழே ரெண்டையும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். அட்டை இல்லாம.

மகள்: அம்மா...

அம்மா: அழாதே, மாவுல உப்பு ஏற்கெனவே சரியா இருக்கு. நீ சொன்ன அதே 1968, ஜனவரி மாசம், ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் இருமொழிக் கல்விச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அந்த ஜான்சன் யாரு? 1928ல கொட்டூலாவுல எங்க சனத்துப் பிள்ளைங்களுக்கு வாத்தியார். மைதானத்துல ஸ்பானிஷ் பேசின பையன்களை அடிச்சவர். முன்னே, பின்னே. அதுக்கு அட்டை இருக்கா?

மகள்: அந்தப் பிள்ளைங்க முகத்தை மறக்கவே இல்லைன்னு பின்னாடி பேசியிருக்காரேம்மா.

அம்மா: அவங்களும் மறந்திருக்க மாட்டாங்க. நீ பிறக்கும்போது அந்தச் சட்டம் வந்து இருபது வருஷம் ஆகப் போகுது. என் மூக்குக்குத்தான் யாரும் சொல்லல. உன் மூக்காவது தப்பட்டும்னு தொட்டில்லேருந்தே ஆங்கிலம் பேசினேன்.

(‘காசு பேசலை அபுவேலா!’ என்று குரல். அம்மா எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். மகள் அட்டைகளை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினாள்.)

மகள்: இன்னும் ஒரு விஷயம். அவளை இருமொழிப் பள்ளியில சேர்க்கப் போறோம். பாதி இடம் வீட்டுல ஸ்பானிஷ் பேசுற பிள்ளைங்களுக்கு, பாதி ஆங்கிலம் பேசுற பிள்ளைங்களுக்கு. ஆங்கிலப் பாதி நிறைஞ்சுடுச்சு.

அம்மா: அதனால?

மகள்: ஸ்பானிஷ் பேசுறவன்னு காட்டினாத்தான் இடம்.

அம்மா: பேசினேன்னு என்னைத் தனியா நிறுத்தினாங்க. பேசலைன்னு இவளை வாசல்லயே நிறுத்துவாங்களா? கட்டணம் எவ்வளவு?

மகள்: என் கார் தவணையைவிடக் கொஞ்சம் அதிகம். மாசா மாசம்.

அம்மா: சொல்லுக்கு எத்தனை சென்ட் விழுதுன்னு வகுத்துப் பாரு. எங்க காலத்துல விலை குறைவு.

மகள்: வியாழக்கிழமை நேர்காணல். வீட்டுல யார் ஸ்பானிஷ் பேசறாங்களோ அவங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நீ வா. ஆனா சுத்தமான ஸ்பானிஷ் பேசணும். ‘லோன்ச்சே’, ‘த்ரோக்கா’ எல்லாம் கூடாது. அதெல்லாம் லன்ச், டிரக்னு ஆங்கிலத்தைத் திரிச்ச சொல்.

அம்மா: எங்கப்பா தினமும் ‘த்ரோக்கா’வுல போய் ‘லோன்ச்சே’ சாப்பிட்டுத்தான் எங்க ஏழு பேரையும் வளர்த்தார். பிடிக்கலைன்னா அகராதியைக் கூட்டிட்டுப் போ.

மகள்: சரி, சரி. அதையும் பேசு.

அம்மா: ஃப்ரிட்ஜ் அட்டவணையைக் கிழிக்கணும்.

மகள்: கிழிச்சிடறேன்.

அம்மா: குழாயை மாத்தறேன்னு யாரும் வரக் கூடாது.

மகள்: வர மாட்டாங்க. ஆனா நீயும் ஒரு வாக்குக் குடு. அங்க வந்து சென்ட், வட்டம், மூக்கு, ஜான்சன்னு ஆரம்பிக்கக் கூடாது.

அம்மா: ஆரம்பிக்கலை.

மகள்: சத்தியமா?

அம்மா: சத்தியமா, மிஹா. ஆங்கிலத்துல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.