பெயர் சொல்லும் வித்தை

கர்நாடக இசைக்குப் புதிதாக வருகிறவர் முதலில் கற்பது பாட்டல்ல, பந்தா. ஒரு ஸ்தாயியில் இருப்பவை 12 ஸ்வரஸ்தானங்கள். அவற்றுக்குப் பெயர்களோ 16. சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடம்தான். இதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவரிடம், ஒரு ஸ்வரத்தைப் பாடிக் காட்டி அது எதுவென்று மட்டும் கேட்கக் கூடாது. 'மா' 5, 'யா' 1, திருப்பிப் போட்டால் 15 என்று, எழுத்தை எண்ணாக்கும் கடபயாதிக் கணக்கில் மாயாமாளவகௌளையின் மேள எண்ணைச் சொல்லிவிடுவார். மேடையில் அதே ராகம் வந்தால் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்ப்பார். தொடையில் ஆதி தாளம் போடும்போது தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எல்லாம் ஒழுங்காக விழும்; தாளம் தொடங்கும் இடமான சமம் மட்டும் பாடகரிடம் தனியாக இருக்கும்.

பெயர் தெரியாமல் எப்படிப் பேசுவது என்பீர்கள். நியாயம்தான், தாய் ராகங்களான 72 மேளங்களைப் பெயரில்லாமல் அடுக்க முடியாது. ஆனால் பாடமுறையே வேறு வரிசையைச் சொல்கிறது: சரளி வரிசையில் குழந்தை முதலில் வாயைத் திறக்கிறது, மேளகர்த்தா விளக்கம் பிறகுதான் வருகிறது. வளர்ந்தவர்களுக்கு அவ்வளவு பொறுமையில்லை என்பது அடுத்த வாதம். அதுவும் சரிதான். சபா கான்டீனில் நெய் ரோஸ்ட் வருவதற்குள் பேசி முடிக்க நாலு வார்த்தை போதும். அதற்குச் சுருதிப்பெட்டிகூடத் தேவையில்லை.