அண்ணாச்சியின் பதினோரு பேர்

செண்பகத்தோப்புப் பேச்சியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு மாந்தோப்பில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கால்பந்து உடுப்போடு பத்துப் பதினைந்து பையன்கள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால், அண்ணாச்சியின் டீம் தோற்றுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஜெயித்தாலும் அங்கேதான் கூட்டிவருவாராம். அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

அண்ணாச்சிக்குப் பேர் வேண்டாம். ராஜபாளையத்தில் ஒருத்தர் உண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்தர் உண்டு, உங்கள் ஊரிலும் இருப்பார். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி ஓட்டும் யூனிட், மலையடிவாரத்தில் தென்னையும் மாவுமாகக் கொஞ்சம் நிலம், சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி இரண்டு போன். கோயில் கொடைக்கு எழுதியாச்சு, பள்ளிக்கூடத்துக்குக் கொடி மரம் வாங்கிக் கொடுத்தாச்சு, அடுத்து என்ன என்று யோசிக்கும் வயதில் ஒரு டீம் ஆரம்பித்துவிடுவார். பையன்களுக்கு மேட்ச் கூலி, பஸ் காசு, பிரியாணி எல்லாம் அவர் செலவு. ஜெர்சியின் முதுகில் நம்பர் சின்னதாகவும் நெஞ்சில் அண்ணாச்சியின் சிரித்த முகம் பெரிதாகவும் இருக்கும். முழங்கால் பெயர்ந்தால் டாக்டர் செலவுக்கு இழுத்தடிப்பார், கட்டுத்துணி மட்டும் எத்தனை சுற்று வேண்டுமானாலும் இலவசம்.

"நீங்க எந்தப் பொசிஷன்ல ஆடுனீக அண்ணாச்சி?" என்று யாராவது வெளியூர்க்காரர் கேட்டுவிட்டால் போச்சு. "ஏய்யா, கோழிப்பண்ணை வச்சிருக்கவன் முட்டையா போடுறான்?"

தெரியாமல் சொல்லிவிட்டார். கோழிப்பண்ணை வைத்திருந்தவர்கள் நிஜமாகவே ஒரு டீம் வாங்கிய கதை இருக்கிறது. புனேயின் வெங்கிஸ் குழுமம் 2010 நவம்பரில் சுமார் 2.3 கோடி பவுண்டுக்கு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை வாங்கியது. பிளாக்பர்ன் ஒரு காலத்தில் பஞ்சாலை ஊர். ராஜபாளையத்துக்காரர் அப்போது அங்கே போய் இறங்கியிருந்தால் புகைபோக்கிகளைப் பார்த்துச் சம்பந்தம் பேசியிருக்கலாம். அந்த ஊருக்குப் பந்தும் முதலாளியும் புதிதல்ல. 1883இல் நெசவாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் ஆடிய பிளாக்பர்ன் ஒலிம்பிக் டீம், ஈட்டன் பள்ளியில் படித்த கனவான்களை 2-1 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தது. பையன்களைப் பிளாக்பூல் கடற்கரைக்கு அனுப்பிப் பயிற்சி எடுக்க வைத்த செலவு உள்ளூர் இரும்பு வார்ப்பாலை முதலாளி ஒருவருடையது. பிற்காலத்தில் ஜாக் வாக்கர் என்ற உள்ளூர்க்காரர் எஃகு வியாபாரத்தில் சேர்த்த பணத்தைக் கொட்ட, ரோவர்ஸ் 1994-95இல் பிரீமியர் லீக்கையே வென்றது. ஆக, முதலாளி என்றாலே ஆகாது என்று நான் சொல்லவில்லை.

புனேக்காரர்கள் வந்த அடுத்த மாதமே பயிற்சியாளர் சாம் அலர்டைஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது டீம் 13ஆம் இடத்தில் இருந்தது. நடுவில் நிற்பது அவர்களுக்குக் குறையாகப் பட்டிருக்க வேண்டும். ரொனால்டினோவைக் கூட்டிவர ஆசைப்பட்டார்கள், அவர் பிரேசிலுக்கே போய்விட்டார். ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் கோழிக்கால் கடிக்கிற மாதிரி ஒரு விளம்பரம் எடுத்தார்கள். 2012 மே மாதம் விகனோடு நடந்த ஆட்டத்தில் ரசிகர் ஒருவர் ரோவர்ஸ் கொடி போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார். அன்றைக்கே டீம் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அதற்குப் பிந்தைய சீசனில் ஹென்னிங் பெர்க் 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள் என்று பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். 2017இல் இன்னும் ஒரு படி கீழே.

நம் அண்ணாச்சி இவ்வளவு தூரம் போகமாட்டார். அவருடைய மேனேஜ்மென்ட் போனிலேயே முடிந்துவிடும். மைதானத்து ஓரத்தில் ஷாமியானாவுக்குக் கீழே அவர். பத்தடி தள்ளிப் பயிற்சியாளர், ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் முதலாளி வாய்விட்டுக் கூப்பிடலாமா? மாஸ்டர் பையில் போன் அடிக்கும்.

"மாஸ்டர், அந்த நெட்டைப் பயல ஏன் பின்னாலயே நிறுத்தி வச்சிருக்கீக?"

"அண்ணாச்சி, அவன் கோல்கீப்பர்."

"அதான் கேக்குறேன். மத்தவன் எல்லாம் மூச்சு வாங்க ஓடுறான், இவன் மட்டும் நிழல்ல நிக்கிறான். சம்பளம் ஒண்ணுதானே?"

கோல் அடித்தால் அரைக்கிலோ பால்கோவா என்று அண்ணாச்சி அறிவித்த நாளிலிருந்து அந்த நெட்டைப் பயலுக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. கோலைத் தடுத்தால் என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் கார்னர் கிடைத்தால் அவனும் முன்னால் போய் நிற்கிறான். போஸ்ட் காலி. எதிர் டீம்காரன் அங்கிருந்தே ஒரு உதை விட்டால் போதும்.

ஆஃப்சைடு விதி அண்ணாச்சிக்குப் பிடிபடவே இல்லை. "புள்ளைகள முன்னுக்கு வா, முன்னுக்கு வான்னு சொல்லித்தானே வளக்கோம்? வந்து நின்னா கொடியத் தூக்குறான்!" ரெஃப்ரி எதிரிக்கு வேண்டியவன் என்று முடிவு செய்து, அடுத்த ஆட்டத்துக்கு முன்பு அவர் வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் அனுப்பினார். ரெஃப்ரி கூடையைத் திருப்பி அனுப்பினார். மேட்சில் கொடி தூக்குவது ரெஃப்ரி இல்லை, கோட்டோரம் ஓடும் லைன்ஸ்மேன் என்பது அண்ணாச்சிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் ராசி. எட்டாம் நம்பர் ஜெர்சி இந்த டீமில் கிடையாது, சனி. 17ஐயும் கூட்டினால் எட்டு என்பதால் அதுவும் இல்லை. சிரிக்காதீர்கள். இத்தாலிக்காரர் மாசிமோ செல்லினோவுக்கும் 17 ஆகாது. அவர் கையில் இருந்த கால்யரி கிளப்பின் மைதானத்தில் 17ஆம் நம்பர் இருக்கைகளை 16பி என்று மாற்றினார்கள். 2014இல் அவர் லீட்ஸ் கிளப்பை வாங்கியபோது அங்கிருந்த கோல்கீப்பர் பாடி கென்னியின் பிறந்த தேதி மே 17. கென்னி டீமை விட்டுப் போனதற்கு அதுதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. மலேசிய முதலாளி வின்சென்ட் டான், நூற்றாண்டு கண்ட கார்டிஃப் கிளப்பின் நீலச் சட்டையை 2012இல் சிவப்பாக்கினார், சிவப்பு ராசி என்று. அடுத்த வருஷமே டீம் பிரீமியர் லீக்குக்கு ஏறியது, அதற்கடுத்த வருஷம் இறங்கியது. 2015 ஜனவரியில் மறுபடி நீலம். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "பாத்தீகளா, மாத்துனதும் ஏறுச்சுல்ல?" என்றார். இறங்கியது அவர் காதில் விழவில்லை.

தோற்ற நாளின் தோப்புக் கூட்டம் மட்டும் பார்க்கவேண்டிய காட்சி. கயிற்றுக் கட்டிலில் அண்ணாச்சி. முன்னால் துண்டை விரித்து அதில் மாங்காய்களை டீமாக அடுக்குவார். மச்சினன் மகன்தான் சென்டர் ஃபார்வர்டு, அவனுக்குப் பெரிய காய். அன்றைக்குப் பாஸ் கொடுக்காத பயலுக்கு வெம்பல். தோப்பை ஒட்டிய காடு 1988இலிருந்து சாம்பல் நிற மலை அணில்களுக்கான சரணாலயம், 2021இலிருந்து புலிகள் காப்பகமும் கூட. அணிலுக்கு அண்ணாச்சி தோப்பு எது, காடு எது என்ற கணக்கெல்லாம் கிடையாது. மேலேயிருந்து அது பாதி கடித்துப் போட்ட காய் ஒன்று வலது ஓரத்தில் வந்து விழுந்தது.

"இது யாருய்யா?"

"கேக்காமலே வந்த கெஸ்ட் பிளேயர்னு வச்சுக்கோங்க அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். அன்றோடு மாஸ்டருக்கு வேலை போனது. அவருக்குக் கவலை இல்லை. ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கும் ஒரு தடவை போகும். எண்ட்ரி ஃபாரம் நிரப்பத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான் என்பதால் தேதி நெருங்கும்போது போன் வந்துவிடும்.

கிண்டல் செய்வது சுலபம், டீமைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் கஷ்டம். சென்னை சிட்டி என்று ஒரு டீம் இருந்தது. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடி 2018-19 ஐ-லீக்கை வென்றது. தமிழ்நாட்டு டீம் ஐ-லீக் கோப்பையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்குகூட வாங்கியது. 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த டீமை ஐ-லீக்கில் பார்க்க முடியவில்லை. கோப்பை வென்ற டீமுக்கே அந்தக் கதி என்றால், செண்பகத்தோப்பு டீமுக்கு ஷூ வாங்கித் தருகிற ஆளைப் பகைக்க முடியுமா? பிளாக்பர்ன் ரசிகர்கள் வருஷக்கணக்காக முதலாளியைப் போகச் சொல்லிக் கோஷம் போடுகிறார்கள். வருஷா வருஷம் நஷ்டத்தைக் கட்டுகிறவரும் அதே முதலாளிதான்.

போன மழைக்காலத்தில் அண்ணாச்சி கோபித்துக்கொண்டு "டீமக் கலைச்சாச்சு, எல்லாரும் போங்கடா" என்றுவிட்டார். வெற்றிக்காகச் சிவகாசியில் வாங்கி வைத்திருந்த பத்தாயிரம் வாலாவும் நமத்துப்போயிருந்தது. பையன்கள் விடவில்லை. ராஜபாளையத்தில் இன்னொரு முதலாளியைப் பிடித்தார்கள். அவர் ஏசி ரூமில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, பொறுமையாக எல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"பதினோரு பேர் எதுக்குத் தம்பி? ஏழு பேர வச்சு ஓட்ட முடியாதா?"

அன்று ராத்திரியே பையன்கள் அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றார்கள், மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு. அண்ணாச்சி சாப்பிட்ட கையோடு வெளியே வந்து எல்லாரையும் எண்ணிப் பார்த்தார்.

"வாங்கடா. அந்த நெட்டைப் பய எங்க? நாளையில இருந்து அவன்தான் சென்டர் ஃபார்வர்டு."