ஒல்லாந்தர் திரும்பி வந்த கதை

புதுச்சேரியை 1693-இல் பிடித்த ஒல்லாந்தர், சில ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது பைத்தான் என்ற நிரல்மொழி வடிவில் மறுபடி வந்திறங்கியிருக்கிறார்கள். 1991-இல் அதை வெளியிட்ட கைடோ வான் ராசம் நெதர்லாந்துக்காரர், அதாவது ஒல்லாந்தர். நூல் பிடித்தாற்போன்ற நம் தெருக்களுக்கு வரைபடம் போட்டதும் ஒல்லாந்தரே என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தக் கறார் பைத்தானிலும் விடவில்லை: ‘இஃப்’ வரிக்குக் கீழே வருவது கொஞ்சம் உள்தள்ளி நிற்காவிட்டால் நிரல் ஓடாது.

பிரெஞ்சுப் பெருமை பேசும் ஊர், 1996-இல் பிரான்சில் பிறந்த ஓகேமல் என்ற நிரல்மொழியைக் கற்றால் என்ன? வேலை கிடைக்காது என்பார்கள். நியாயந்தான். ஆனால் மாறி, நிபந்தனை, சார்பு என்ற அரிச்சுவடி இரண்டிலும் உண்டு. ஒன்றில் பிடிபட்டால் அடுத்தது பாதி வந்த மாதிரி. ஆகவே, எந்த மொழி என்று மாதக்கணக்கில் பட்டிமன்றம் நடத்துகிறவர்களே, இன்று ராத்திரி எதிலாவது நாலு வரி எழுதுங்கள்.