ஒன்று போதாதா?

ரிட்டயர் ஆன மறு மாசமே ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானிய வகுப்புகள் மூன்றிலும் சேர்ந்துவிட்டேன். ஒன்று போதாதா என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. மனைவியும் கேட்டாள். புது மொழி படித்தால் மறதி அண்டாது என்று யாரோ சொன்னார்கள். என் மறதிக்கு ஒன்று காணாது என்று டோஸை நானே கூட்டிக்கொண்டேன்.

முதல் அடி ஜெர்மனில். அங்கே ஸ்பூன் ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டிலும் சேர்த்தியில்லை. ஆண்பாலுக்கு முன்னால் 'டேர்', பெண்பாலுக்கு 'டீ' போட வேண்டும். ஒரு நாள் விடியற்காலையில் கூடத்தில் உலாத்தியபடி "டீ ஃப்ராவ்! டீ ஃப்ராவ்!" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன். ஃப்ராவ் என்றால் மனைவி. திரும்பினால், முதல் நாள் ராத்திரிதான் கும்பகோணத்திலிருந்து வந்த மாமியார், கையில் எனக்கான காபியோடு நிற்கிறார். முப்பது வருஷமாகத் தன் பெண்ணை 'வாம்மா, போம்மா' என்று அழைத்த மாப்பிள்ளை! ஒரு வார்த்தை பேசாமல் டம்ளரோடு உள்ளே போய்விட்டார். "அது வந்து, டீன்னா..." என்று நான் விளக்க ஆரம்பித்ததும், மனைவி டீயே போட்டுக்கொண்டுவந்து 'ணங்'கென்று வைத்தாள். குடிக்கிற டீ ஜெர்மனில் ஆண்பால், அதை 'டேர் டே' என்று சொல்ல வேண்டும் என்பதை அவளிடம் சொல்லவில்லை. 'டீ'க்கே இந்தக் கதி.

வகுப்பில் வீட்டு நம்பர் கேட்டார்கள். பதற்றத்தில் இங்கிலீஷில் "நைன்" என்றேன். ஜெர்மனில் 'நைன்' என்றால் இல்லை. என் பெண் வயசு டீச்சர், பாவம், அன்றிலிருந்து என்னிடம் ரொம்பக் கனிவாக நடந்துகொள்கிறார்.

பிரெஞ்சில் 97 என்று சொல்ல 'நாலிருபது-பத்து-ஏழு' என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகத்தான் சொல்வார்கள். பாங்கில் 34 வருஷம் கணக்கு எழுதினவன், சொந்த போன் நம்பரைச் சொல்ல விரல் விட்டு எண்ணினேன்.

ஜப்பானியம்தான் ஆறுதல் தந்தது. வினைச்சொல் கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால், எல்லாம் நம் தமிழ் மாதிரியே. சித்தப்பா வீட்டுக்குப் போனவன்போலச் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் சொன்னார்கள், சித்திர எழுத்துக்கள் தனி என்று. அதற்குப் பெயர் கஞ்சி. அன்றாடப் புழக்கத்துக்கு மட்டும் 2,136 கஞ்சி. குடித்து முடிகிற காரியமா?

போன வாரம் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வு. "தயாரா?" என்றார்கள். "ஹை!" என்று இடுப்பை வளைத்துக் கும்பிட்டேன். அது ஜப்பானியம். தவறு புரிந்ததும் திருத்த வேண்டும் என்று பதறி "நைன், நைன்" என்றேன். அவர்கள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்று செட் புத்தகம் இருக்கிறது, ஜெர்மன் மட்டும் கொஞ்சம் டீக்கறையோடு. வேண்டியவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். கதவு எண் ஒன்பது. வாசலில் மாமியார் உட்கார்ந்திருப்பார், தயவுசெய்து தமிழிலேயே கேளுங்கள்.