பதினெட்டு பாக்கெட்காரர்

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருப்பவர் ஒருநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வெஸ்ட் ஒண்ணு வாங்கணும்" என்றார். "போன தீபாவளிக்கு எடுத்த அரை டஜன் பிரிக்காம அப்படியே கிடக்கே" என்றார் அவர் மனைவி. அவர் சொன்ன வெஸ்ட் வேறு. ஆனால் திருப்பூர் இருக்கும் வரை தமிழ்நாட்டில் வெஸ்ட் என்றால் பனியன்தான். தியாகராய நகர் ஜவுளிக்கடையில் கேட்டபோதும் கடைப்பையன் நிமிராமலே, "கை வச்சதா, வைக்காததா? 90-ஆ, 95-ஆ?" என்றான். "பாக்கெட் வச்சது" என்றார் இவர். அப்போதுதான் நிமிர்ந்தான்.

இவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு நிற்கிற கூட்டத்தில் ஒருவர். கழுத்தில் கேமரா, அதில் 150-600 லென்ஸ். லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ. கேமரா வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் பறவைகளைப் படம் எடுத்தார். இரண்டாம் வருஷம், பறவை எடுக்க இன்னும் என்னென்ன வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கினார். வாங்கியதையெல்லாம் எதில் வைப்பது என்ற யோசனையில் மூன்றாம் வருஷம் போய்விட்டது.

"பையில வச்சுக்கலாமே சார்" என்று லிஃப்டில் ஒருமுறை வாய்விட்டுவிட்டேன். எங்கள் கட்டடத்துக்கு நான்கே மாடி. ஆனால் அன்று நாங்கள் ஏழெட்டு முறை மேலும் கீழும் போய்வந்தோம். பை என்றால் முதுகில் இருக்கும். கழற்ற வேண்டும், கீழே வைக்க வேண்டும், குனிந்து ஜிப்பைத் திறக்க வேண்டும். அதற்குள் பஞ்சுருட்டான் பறந்துவிடும். வெஸ்ட் என்றால் கை போன இடத்தில் சாமான். முதுகுப்பக்கம் வலைத்துணியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் பறவைக்கு முன்னால் ஆள் வெந்துவிடுவார். கழுத்தை அறுக்காமல் இருக்கத் தோளில் பஞ்சு வேண்டும். நிறம் காக்கி வேண்டாம், வனக்காவலர் என்று நினைத்து யாராவது சலாம் போடுவார்கள். காய்ந்த புல் நிறம் நல்லது. முக்கியமாக வெல்க்ரோ ஆகாது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக்கு வருகிற பறவைகள் மிரளக்கூடாதென்று ஊரே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே போய் நின்றுகொண்டு பாக்கெட்டைப் 'பர்ர்ர்' என்று பிரித்தால் ஊரார் என்ன நினைப்பார்கள்?

நியாயம்தான். இவருடைய நியாயங்களில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் இவரோடு பழகுவதில் உள்ள கஷ்டம்.

இந்த உடுப்புக்கு ஒரு பூர்வீகமும் சொன்னார். 1930-களில் லீ வுல்ஃப் என்ற அமெரிக்கத் தூண்டில்காரர் மீன் பிடிப்பதற்காகத் தைத்துக்கொண்டதாம். இடுப்பளவு ஆற்றுநீரில் நிற்கிறவர் எதையும் கீழே வைக்க முடியாது; அதனால் எல்லாவற்றையும் மார்பில் வைத்தார். பிறகு கேமராக்காரர்களும் அதே மாதிரி மாட்டிக்கொண்டார்கள். எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, சில்லறை, எங்கள் பீரோ சாவி, பக்கத்து வீட்டு பீரோ சாவி என அத்தனையும் இடுப்பில் ஒரே சுருக்குப்பையில். இருட்டில் கையை விட்டால்கூடச் சுண்ணாம்பு டப்பிதான் வரும், சாவி வராது. பனையேறிகளும் இடுப்பில் கட்டிய ஒரே பெட்டியில் அரிவாளை வைத்துக்கொண்டுதான் அத்தனை உயரம் ஏறுகிறார்கள். இதையெல்லாம் சொன்னால் இவர் ஏற்கமாட்டார் என்று மா. கிருஷ்ணனை இழுத்தேன். நம் ஊர்க் காட்டுயிர்ப் படக்காரர்களுக்கெல்லாம் முன்னோடி. பல கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே ஒரு கேமரா செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேரும் வைத்து யானைகளை எடுத்தவர். அவருக்கு எத்தனை பாக்கெட்?

"அதத்தான் சார் சொல்றேன்" என்றார் இவர். "பாவம், தனித்தனியா வச்சுக்க இடம் இல்லாமத்தான் எல்லாத்தையும் ஒட்டிட்டார்."

கடையில் கிடைத்தவை எதுவும் பிடிக்கவில்லை. ஒன்றில் லென்ஸ் நுழையவில்லை, இன்னொன்றில் இவர் நுழையவில்லை. கடைசியில் மார்க்கெட் தெருத் தையல்காரரிடம் போனோம். இவர் நான்கு பக்கத்துக்குப் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். தையல்காரர் கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு பாக்கெட்டாக சாக்கட்டியால் தொட்டு எண்ணினார். பதினேழு. சற்று யோசித்தார். "இதுக்குப் பேசாம பெரிய பையா ஒண்ணு தைச்சு, தலை போக ஒரு ஓட்டை விட்டுத் தந்துடட்டுமா சார்?" என்றார். இவர் சிரிக்கவில்லை. தையல்காரரும் சிரிக்கவில்லை; தொழில் ரீதியாகத்தான் கேட்டிருக்கிறார். பத்து நாள் கழித்து வெஸ்ட் வந்தபோது அதில் பதினெட்டு இருந்தது. "உள்பக்கம் ஒரு ரகசியப் பை, நம்ம அன்பளிப்பு. பஸ்ல போனா காசு வைக்கலாம். பிக்பாக்கெட்காரனுக்கு ஜென்மத்துக்கும் தெரியாது."

முதல் பயணம் பரத்பூர் பறவைகள் சரணாலயம். டெல்லி வரை விமானம். கையோடு கொண்டுபோகும் பெட்டிக்கு 7 கிலோதான் கணக்கு, உடுப்பை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. இந்த ஞானம் கேமராக்காரர்களுக்குள் வழிவழியாக வருவது. கவுன்டரில் இவர் பெட்டி காற்றாக நின்றது. இவர்தான் நிறைமாசக்காரி மாதிரி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார். பாதுகாப்புச் சோதனையில் வினை வந்தது. கேமராவையும் பேட்டரிகளையும் தட்டில் எடுத்து வை என்றார்கள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது, மந்திரவாதி தொப்பியிலிருந்து வருகிற மாதிரி. ஆறு தட்டு. பின்னால் நின்ற ஒரு மாமி, "கடையைக் காலி பண்றாரா?" என்று கேட்டதாக இவரே வந்து சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

ஜனவரியில் என்னையும் வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போனார். படாளம் கூட்டுரோட்டில் திரும்பும்போது விடிந்திருந்தது. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்கள் முழுக்க நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் மாதிரிச் சத்தம். இந்த ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1858-லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்தவர்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு பாக்கெட்கூட இல்லாமல் பறவைகளிடமிருந்து அவ்வளவு வாங்கியிருக்கிறார்கள்.

கரையோரக் கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. பதினைந்தடி தூரம். வாயில் மீன். இவர் கேமராவைத் தூக்கினார்; பேட்டரி தீர்ந்திருந்தது. பதறவில்லை. "எக்ஸ்ட்ரா இருக்கு" என்று புன்னகையோடு இடது மார்பில் கையை விட்டார். லென்ஸ் துணி வந்தது. வலது மார்பில் பழநி விபூதிப் பொட்டலம். இடுப்பில் டோல்கேட் ரசீது, உருகிய கடலைமிட்டாயோடு ஒட்டிய லென்ஸ் மூடி. மீன்கொத்தி மீனைக் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தது, இவருக்காகக் கொஞ்சம் மெதுவாகவே அடித்தது என்று சொல்வேன். பிறகு விழுங்கிவிட்டுப் பறந்தது.

இவர் விடவில்லை. கரையில் துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார். ஃபில்டர், ரிமோட், டார்ச், கத்தரி, சின்னச் சின்ன டப்பிகள். நடுவில் லென்ஸ் தூசியை ஊதுகிற கறுப்பு ரப்பர் உருண்டை. பறவை பார்க்க வந்த ஒரு குடும்பம் நின்றது. பையன் அந்த உருண்டையை எடுத்து அமுக்கிப் பார்த்தான். "ஆட்டோ ஹாரன் என்ன விலைங்க?" என்றார் அப்பா. இவர் தலைநிமிர்வதற்குள் ஒரு பாட்டியும் குனிந்து, "டார்ச்சுக்குப் போடற கட்டை தனியாத் தருவியா தம்பி?" என்று கேட்டார். நான் கொஞ்சம் தள்ளிப்போய் கூழைக்கடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது செங்கல்பட்டு தாண்டியதும் இவர் நெளிந்தார். சீட் பெல்ட் விலாவில் எதையோ அழுத்துகிறது என்றார். ஓரம் கட்டி, வெஸ்ட்டின் உள்பக்கம் கையை விட்டுத் துழாவினார். ரகசியப் பை. பேட்டரி அதற்குள் பத்திரமாக இருந்தது. முழு சார்ஜோடு.

அரை நிமிஷம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தையல்காரருக்கு போன் போட்டார்.

"எந்தெந்த பாக்கெட்ல என்ன இருக்குன்னு ஒரு லிஸ்ட் எழுதி வச்சுக்கலாம்னு இருக்கேன். அந்த லிஸ்ட்டை வைக்கச் சின்னதா ஒரு பாக்கெட் வேணும். இடம் இருக்குமா?"

"கொண்டாங்க சார்" என்றது ஸ்பீக்கர். "முதுகுல நிறைய இடம் கிடக்கு."