தேளா, குளவியா: பாக்தாதில் ஒரு வைவா

எட்டாம் நூற்றாண்டு. ஷீராஸ் பக்கத்து பைதாவில் பிறந்த பாரசீகப் பையன் ஒருவன் பஸராவில் ஹதீஸ் ஓதிக்கொண்டிருந்தான். பெயர் சீபவைஹி. 'அபா' என்று வர வேண்டிய இடத்தில் ஒருநாள் 'அபூ' என்று வாசித்துத் தொலைத்தான். உஸ்தாத் ஹம்மாத் இப்னு ஸலமா சும்மா விடுவாரா? சபையிலேயே பிழை பிடித்துவிட்டார். நாமாக இருந்தால் அன்றே மூட்டை கட்டியிருப்போம். இவனோ, இனி எவனும் என்னிடம் பிழை பிடிக்க முடியாத கல்வியைக் கற்கிறேன் பார் என்று ரோஷமாகக் கிளம்பி, கலீல் இப்னு அஹ்மதிடம் போய்ச் சேர்ந்தான்.

கலீல் லேசுப்பட்ட ஆள் இல்லை. அரபு யாப்புக்கு வாய்ப்பாடு போட்டவர். அகராதி செய்ய உட்கார்ந்தபோது வழக்கமான எழுத்து வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொண்டையில் தொடங்கி உதட்டில் முடியும் ஒலி வரிசையை எடுத்துக்கொண்டார். முதல் எழுத்து ஐன் என்பதால் நூலுக்கும் 'கிதாபுல் ஐன்' என்றே பெயர். அதில் ஒரு சொல்லைத் தேடி எடுப்பதற்குள் தேடுபவர் தொண்டை வறண்டுவிடும்.

படித்து முடித்தவனுக்குத் தலைநகர ஆசை வராமல் இருக்குமா? பாக்தாதில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சி. அமைச்சர் யஹ்யா பர்மகீ முன்னால் விவாதம் ஏற்பாடானது. எதிரே கூஃபா இலக்கணக்காரர்களின் தலைவர் கிஸாயீ. அவர் கலீஃபாவின் பிள்ளைகளுக்கு வாத்தியாரும்கூட. இந்த வைவாவின் முடிவு எப்படி இருக்கும் என்று ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி இதுதான்: 'குளவியைவிடத் தேள் கொட்டினால்தான் கடுப்பு அதிகம் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் இதுவும் அதுதான்.' இந்த வாக்கியம் அரபியில் 'ஹிய' என்று எழுவாய் வடிவில் முடியுமா, 'இய்யாஹா' என்று செயப்படுபொருள் வடிவிலும் முடியலாமா? 'ஹிய' மட்டும்தான் என்றார் சீபவைஹி. இரண்டும் செல்லும் என்றார் கிஸாயீ. பஸரா, கூஃபா என்று இரு ஊர்ப் பெரிய தலைகளும் முட்டிக்கொண்டால் தீர்ப்பு யார் சொல்வது? வாசலில் பாலைவன அரபிகள் நிற்கிறார்களே, அவர்களைக் கேளுங்கள் என்றார் கிஸாயீ. எவ்வளவு வசதியாக நின்றிருக்கிறார்கள் பாருங்கள்! உள்ளே வந்தவர்கள், கிஸாயீ சொல்வதே சரி என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வாக்கியத்தை அவர்களையே சொல்லிக் காட்டச் சொல்லுங்கள், நாக்கு புரளாது என்று சீபவைஹி மன்றாடினாராம். யார் காதில் விழும்? காசு கைமாறியது என்று பஸரா தரப்பு இன்றுவரை சொல்கிறது. தோற்ற தரப்பு வேறென்ன சொல்லும் என்று கூஃபா தரப்பு கேட்கலாம்.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம் என்று கிஸாயீயே பெருந்தன்மையாகச் சிபாரிசு செய்ய, 10,000 திர்ஹம் ஆறுதல் பரிசு கிடைத்தது. சீபவைஹி பாரசீகம் திரும்பினார். 796 வாக்கில், இளம் வயதிலேயே இறந்தும் போனார்.

அவர் விட்டுப்போன நூலுக்குத் தலைப்பும் கிடையாது, முன்னுரையும் கிடையாது. 'அல் கிதாப்' என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. சீபவைஹியின் மாணவர் அக்ஃபஷைப் பிடித்து, பணம் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் அந்த நூலைப் பாடம் கேட்டவர்களில் ஒருவர் கிஸாயீ. கிஸாயீயின் சீடர் ஃபர்ரா இறந்தபோது அவர் தலைமாட்டில் இருந்ததும் அதே நூல்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.