தார்ப்பாயும் சட்டமும்: வட்டவடைச் சாலையோரக் கேரட் கடை குறித்து ஓர் ஆய்வு

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனைத் தாண்டி, பாம்பாடும் சோலை வழியாக வட்டவடைக்குப் போகும் சாலையில் நாலு கிராண்டிஸ் (யூக்கலிப்டஸ்) கம்பும் ஒரு நீலத் தார்ப்பாயும் சேர்ந்து நின்றால் அதற்குப் பெயர் கடை. கயிற்றில் தழையோடு கேரட் கொத்துகள் தொங்கும். பலகையில் பூண்டு கிடக்கும். பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, பலகைக்கு எந்த அங்கீகாரமும் கிடையாது. இந்தக் கூரையை வறுமையின் அடையாளமாகப் படிப்பது மேம்போக்கான வாசிப்பு. கட்டட விதிகளுக்குத் தார்ப்பாயில் எழுதப்பட்ட நுட்பமான உரை இது என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதலில் மூலபாடம். 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டத்தில் வீடு, குதிரை லாயம், கக்கூஸ், கொட்டகை, குடிசை, சுவர் எல்லாமே கட்டடம்தான். செங்கல், மரம், மண், உலோகம் என்று எதால் ஆனாலும் சரி. இந்த வலையில் கேரட் கடை தப்ப ஓட்டை இல்லை. ஆனால் தேசியக் கட்டட விதித்தொகுப்பு (அது பரிந்துரைதான், கட்டளை அல்ல) ஒரு சந்து விடுகிறது: தற்காலிகமாகவும் சடங்காகவும் நடக்கும் நிகழ்வுகளுக்காகப் போடும் கூடாரம், ஷாமியானா, தார்ப்பாய்க் கூரை ஆகியவை கட்டடம் ஆகா. தார்ப்பாய் என்று பெயர் சொல்லியே விலக்கு! சிக்கல் எண்ணும்மையில் இருக்கிறது. தற்காலிகமாகவும் இருக்க வேண்டும், சடங்காகவும் இருக்க வேண்டும். கடையில் சடங்கு எங்கே என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மூணாறிலிருந்து கார் வந்து நிற்கிறது. இறங்கியவர் விலை கேட்கிறார். மண் ஒட்டிய கேரட்டைக் குழந்தை கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார். வாங்காமல் ஏறிப் போகிறார். அடுத்த காரும் வரிசை பிசகாமல் அதையே செய்கிறது. இது சடங்கு இல்லையென்றால் கல்யாணமும் சடங்கு இல்லை.

அடுத்து நிலம். 1964ஆம் ஆண்டின் நில ஒதுக்கீட்டு விதிகளின்படி கிடைத்த பட்டா நிலம் சாகுபடி, வீடு, பக்கத்து நிலத்தின் அனுபவம் ஆகியவற்றுக்கே ஆனது. அந்த மண்ணில் கேரட்டை விளைவிக்கலாம், சமைக்கலாம், தின்னலாம்; கல்லாப்பெட்டி வைத்தால்தான் வில்லங்கம். 2023இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் மற்ற உபயோகங்களுக்கும் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. திறந்தாலும், நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை முதலியவற்றிலிருந்து 3 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்பது பஞ்சாயத்துச் சட்டத்தின் 220ஆம் பிரிவு. மலைச்சாலையில் 3 மீட்டர் நகர்ந்தால் ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் அடுத்தவர் பூண்டுப் பாத்தி. 2014இல் வந்த தெருவோர வணிகர் சட்டம் உதவாதா என்றால், அது நகர விற்பனைக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. நகரமே இல்லாத ஊரில் குழு ஏது?

காசில்லாததால்தான் தார்ப்பாய் என்பவர்களுக்கு விடை எளிது. காங்கிரீட்டில் வீடு கட்டியவரும் கடையைத் தார்ப்பாயில்தான் போடுகிறார். காற்றும் மழையும் கிழிக்கக் கிழிக்க மாற்றுவது சிக்கனமும் அல்ல. இன்னொரு மறுப்பு கனமானது: கடைக்கு இடம் விட்டால் பின்னாலேயே ரிசார்ட் வரும். 2007இல் மூணாறில் ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடிக்க ஜேசிபி இறங்கிய கதையும், 2006இல் வட்டவடை, கொட்டக்கம்பூர் நிலங்களில் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவித்தபின் நீளும் நில வழக்கும் தெரிந்தவர் யாரும் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனாலும் எந்த ரிசார்ட்டும் தார்ப்பாயாகப் பிறந்து வளர்வதில்லை. வரைபடமாகவே பிறக்கிறது, கூடவே வக்கீலும். நாலு மாடியையும் நாலு கம்பையும் ஒரே படிவத்தில் எழுதச் சொன்னால் கம்புக்காரர்தான் படிவத்தைக் கண்டு ஓடுவார். அஸ்திவாரம் கூடாது, சுவர் கூடாது, ஆண்டுதோறும் பஞ்சாயத்துச் சீட்டு என்று விதியில் ஒரு வரி போதும். சீட்டு கிடைத்த மறுவருஷமே ஷட்டர் கேட்கும் ஆசை வரலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது, ‘தற்காலிகம்’ எத்தனை நாள் என்ற கேள்வி. விதித்தொகுப்பின் அந்த வரியில் நாள் கணக்கு இல்லை. இந்த மலையில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2018இல் பூத்தது, அடுத்து 2030. அதை ஒரு பருவம் என்று கொண்டால், போன குறிஞ்சிக்குக் கட்டிய கடைக்கு இன்னும் கெடு முடியவில்லை.